மெசவூத் கடையில் புகை

எங்கள் மெதயா ஊரில் சுலைகாவைத் தெரியாதவர் கிடையாது. பதினோரு வருடமாகச் சீல் வைத்துக் கிடந்த ரொட்டிக் கடைக்கு நேர் மேலே குடியிருந்துகொண்டு, அடுத்தவன் கடையில் பாத்திரம் கழுவியவள் ஆயிற்றே. கடை அவள் கணவன் மெசவூத் பேரில் இருந்தது. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒரு விடியற்காலை, சீருடை போட்டவர்கள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாவுக் கையைக் கழுவக்கூட விடவில்லை. ரொட்டி வாங்க வந்து நின்ற, மேட்டுத் தெரு பத்தீஹாவின் மகனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு, கடைக்குச் சீல் வைத்தார்கள்.

அன்று முதல் இவள் மனைவியா, விதவையா? அல்லாவுக்கே வெளிச்சம். கடையைத் திறக்க மெசவூதின் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் அவனுடைய மரணச் சான்று வேண்டும். இரண்டுக்கும் அவள் எங்கே போவாள்? செவ்வாய்க்கிழமைதோறும் அவளும் பத்தீஹாவும், காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற அலுவலக வாசலுக்குப் போய், புருஷன் படத்தை இவளும் மகன் படத்தை அவளும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாளெல்லாம் பாத்திரம்தான்.

பிறகு அல்ஜீரியாவுக்குச் சமாதானம் வந்தது. சும்மா வருமா? கையில் ஒரு தாளோடு வந்தது. புருஷன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தால் கடை கைக்கு வரும். அவனை எங்கே கொண்டுபோனீர்கள் என்று அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. சுலைகா ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தாள். மகள் நசீமா படிப்பை விட்டுவிட்டு அதே பாத்திரத் தொட்டிக்கு வந்து நின்ற அன்று மனசு விட்டுப்போயிற்று. பத்தீஹாவிடம் மூச்சு விடாமல் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

மெசவூத் இறந்துவிட்டதாகக் கோர்ட்டுத் தீர்ப்புத் தாள் வந்தது. சீலை உடைத்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டமாட்டோம். அக்கம்பக்கத்தார் கோதுமை ரவையை அவித்துக் கூஸ்கூஸ் ஆக்கிக் கொண்டுவருவார்கள். தாள் வந்த நாள்தான் சாவு நாள், மூன்று நாள் பொறுத்துத் திற என்று கொழுந்தன் சொல்லிப் பார்த்தான்.

"நான் கையெழுத்து போட்டது கடைக்குத்தான். அவருக்கு இல்ல," என்றாள் சுலைகா.

மறுநாள் காலையிலேயே மாவு பிசைந்துவைத்து அடுப்பை மூட்டினாள். இது சாவு வீடு இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஊருக்கே சொல்கிற திமிர் அவளுக்கு இருந்தது. புகைபோக்கியில் புகை எழுந்தது.

முதலில் பார்த்தது பத்தீஹா. மேட்டுத் தெருவிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, வாசலில் மூச்சு வாங்க நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மெசவூத் வந்துட்டானாடி? எங்க அவன்? எம் புள்ளையப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

சுலைகா மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். பாவி, இதை யோசிக்கவில்லையே! யாரிடம் மறைத்தாளோ அவளிடமே, தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

"இல்லக்கா. அவரு செத்துட்டாரு. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

பத்தீஹா படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

"அப்ப அடுப்ப அணை," என்றாள் கடைசியில். "சாவு வீட்ல தீ எரியக் கூடாது. நான் போய் கூஸ்கூஸ் ஆக்கிட்டு வரேன்."

சுலைகா கொள்ளிகளை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். உப்பியிருந்த மாவை நசீமா ஈரத்துணி போட்டு மூடினாள். மதியம் மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலக வாசலில் பத்தீஹா தனியாகப் போய் நின்றாள்.