நிப்பாட்டு அத்தானின் ஆல்பம்

என் அக்காவின் கணவருக்கு இசைக்காரர்கள் வட்டாரத்தில் 'நிப்பாட்டு' என்று பெயர். யார் புது ஆல்பம் கொண்டுவந்து கொடுத்தாலும் ஆசையாக வாங்கிக்கொள்வார். என் காரில் ஏறி உட்கார்ந்து போடச் சொல்வார். முதல் பாட்டு சூடு பிடிப்பதற்குள் கையை உயர்த்தி "நிப்பாட்டு" என்பார். நேரில் நான் அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். பட்டப்பெயர் அக்கா காதில் விழுந்தால் என் தோலை உரித்துவிடுவாள்.

அத்தான் கிளாரினெட் வாசிப்பவர். சோற்றுக்கு ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறார். யாராவது ஒரு கிழிந்த திரைச்சீலையைக் காட்டி "இதே கலர் வேணும்" என்றால், டப்பாவில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்குகிற மெஷினில் மாட்டி, திறந்து விரலால் தொட்டு, அட்டையில் இழுத்துக் காட்டுவார். அதனால் அவருடைய இசை விமர்சனத்திலும் அந்தக் கடை வாசனைதான் அடிக்கும்.

"பிரைமரே அடிக்கல மாப்ள, நேரா கலருக்குப் போயிட்டான்."

"முதல் கோட்டு காயறதுக்குள்ள ரெண்டாவது கோட்டு. உரிஞ்சு வந்துரும்."

"இது பாட்டே இல்ல. வெறும் தின்னர்."

உச்சகட்டப் பாராட்டு "மோசமில்ல." அதை அவர் வாயிலிருந்து ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அதுவும் எங்கள் டயருக்குப் பஞ்சர் ஒட்டிய ஆளைப் பார்த்துச் சொன்னது.

ஒருநாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அப்ப எதுதான் அத்தான் ஆல்பம்?" என்று கேட்டுவிட்டேன்.

"கடைசிப் பாட்டு முடிஞ்சதும் ஒரு ஆள் 'முதல்லேர்ந்து போடு'ன்னு சொல்லணும். அதான் ஆல்பம். மத்ததெல்லாம் சத்தம்."

"அப்படி யாரு சொல்லப்போறா?"

"அதுக்குத்தான ஒண்ணு பண்ணிட்டிருக்கேன்."

இந்தப் 'பண்ணிட்டிருக்கேன்' பல வருஷக் கதை. பண்ணிக்கொண்டிருந்த இடம் என் கார். அது எப்படி என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்தால் தூக்கம் வராமல் புரளுவாள், வந்தாலும் நிற்காது. பக்கத்து வீட்டில் தீக்குச்சி உரசினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஃபிரிட்ஜ் ஓடினால் விழிப்பாள், ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் நின்றாலும் விழிப்பாள். அந்த வீட்டில் பகலில் எல்லோரும் பூனை மாதிரிதான் நடக்க வேண்டும். கிளாரினெட்டுக்கு எங்கே இடம்? நானும் அதே அடுக்குமாடியில் குடியிருப்பதால், கீழ்த்தளத்தில் நிற்கும் என் கார் அவருக்கு ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆயிற்று.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்துகொள்வார். முன்னால் உட்கார்ந்தால் கிளாரினெட்டின் முனை கியரில் இடிக்கும். பின்பார்வைக் கண்ணாடியில் மைக் தொங்கும். ஏசி போட்டால் அதன் இரைச்சல் விழும் என்று போடவிடமாட்டார். முன்சீட்டில் நான், ரெக்கார்டர் பட்டனை அமுக்கிவிட்டு, மூச்சுவிடாமல் வெந்துகொண்டிருப்பேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்த் தொலையலாம்தான். ஆனால் இந்த மனிதரின் கால் சும்மா இருக்காது, எதையாவது மிதித்துத் தாளம் போடும். ஒரே ஒருமுறை வண்டியை ஓட்டக் கொடுத்தேன். ஆக்சிலேட்டரில் தாளம் போட்டார். கடைத்தெரு முழுக்க வண்டி விக்கல் எடுத்துக்கொண்டே போயிற்று. அன்றிலிருந்து சாவி என் இடுப்பை விட்டு நகர்ந்ததில்லை.

ஆகவே கச்சேரிகளுக்கும் நான்தான் டிரைவர். சமீபத்துக் கச்சேரிகளைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரு வணிக வளாகத்தில் எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். கேட்க வந்தவர்கள் எல்லோரும் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். "ஒருத்தர் மூணு தடவை ஏறி எறங்கினார் பாத்தியா? ரசிகன்!" என்றார் அத்தான். அந்த ரசிகன் கழிப்பறையைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்கடுத்து ஒரு பல் ஆஸ்பத்திரித் திறப்புவிழா. அங்கே வாசிப்பை நிறுத்தச் சொல்லவில்லை, கொஞ்சம் பலமாக வாசிக்கச் சொன்னார்கள். உள்ளே அப்போதே ஒருவருக்குப் பல் பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள்.

மூன்றாவது, மலைமேல் ஒரு ஹோட்டல். வளைந்து வளைந்து ஏறி, நான் இரண்டு முறை வாந்தியெடுத்து, போய்ச் சேர்ந்தால் வாசலில் அத்தானின் ஆளுயரப் படம். கையில் சாக்ஸபோன்! யாருடைய உடம்பிலோ இவர் தலையை ஒட்டியிருந்தார்கள். மேனேஜர் கிளாரினெட்டைப் பார்த்துவிட்டு, "பெருசு கொண்டு வரலையா சார்?" என்று கேட்டார். அத்தான் கோபப்படவில்லை. வாசித்தார், சாப்பிட்டார், திரும்பி வரும்போது வழியெல்லாம் யாரோ ஒருவரின் ஆல்பத்தைப் பழைய பெயிண்ட் மாதிரி உரித்துக்கொண்டு வந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊரையெல்லாம் நிப்பாட்டிய இந்த மனிதர் ஒரே ஒரு ஆளின் அபிப்பிராயத்துக்குத்தான் பயந்தார். அக்கா அவருடைய ஆல்பத்தில் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. "அரைகுறையா எதுவும் வேணாம். முடிச்சிட்டுச் சொல்லுங்க, கேக்குறேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். எட்டுப் பாட்டு முடிந்தது. கடைசிப் பாட்டான ஒன்பதாவதை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே இருந்தார். அதை முடித்துவிட்டால் அவளிடம் போட்டுக் காட்டியாக வேண்டும், அவளும் கையை உயர்த்திவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் அந்த வெக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து வெந்தவனுக்குத் தெரியாதா?

நான்தான் முடித்துவைத்தேன். எனக்குப் பிளைவுட் கடை. பலகை ஏற்றிப்போக ஒரு சின்ன லோடு வண்டி தேவைப்பட்டது, அதனால் காரை விற்க முடிவு செய்தேன். மீன்தொட்டிக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போய், சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் அத்தானுக்கு முகம் செத்துப்போயிற்று.

"ஸ்டுடியோவையே விக்கிறியா மாப்ள?"

"கார் அத்தான். அது கார்."

வியாழக்கிழமை ஒன்பதாவது பாட்டுக்கு உட்கார்ந்தோம். மற்றப் பாட்டுகளுக்கு நண்பர்கள் வாசித்து அனுப்பிய கிட்டார், கீபோர்டு எதுவும் அதற்குக் கிடையாது, கிளாரினெட் மட்டும்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு அவர் வாசித்தது வேறு மாதிரி. காரணம் சொல்லத் தெரியவில்லை. கால்கூடத் தாளம் போடவில்லை. கடைசி ஸ்வரத்தை இழுத்து, மெலிதாக்கி, இதோ முடியப்போகிறது என்கிற இடத்தில் நான் தும்மினேன்.

மரத்தூளிலேயே பிழைக்கிறவனுடைய மூக்கு அது. சும்மா தும்மலும் இல்லை, கார் கதவைச் சாத்திய மாதிரித் தும்மல்.

அத்தான் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மறுபடி வாசித்தார். வெள்ளிக்கிழமையும் வாசித்தார். வியாழக்கிழமை வந்தது திரும்ப வரவில்லை. கம்ப்யூட்டரில் போட்டு தும்மலை மட்டும் வெட்டப் பார்த்தார். தும்மலோடு அந்தக் கடைசி ஸ்வரமும் சேர்ந்து போயிற்று. "தும்மலோடவே இருக்கட்டும்" என்றார். "உன் அக்காவுக்குக் காது கூர்மை. இருந்தாலும் பாப்போம்."

சனிக்கிழமை காலை அக்கா டியூட்டி முடிந்து வந்தாள். "வாசிச்ச இடத்துலயே கேட்டாத்தான் சரியா இருக்கும்" என்று அத்தான் அவளைக் கெஞ்சிக் கூத்தாடி நேராகக் காருக்கே கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா யூனிஃபார்ம் புடவையோடு முன்சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டைச் சாய்த்துக்கொண்டாள். டிரைவர் சீட்டில் நான். அத்தான் வழக்கம்போல் பின்சீட்டின் நடுவில், கிளாரினெட் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிசைந்துகொண்டிருந்தார்.

பென்டிரைவைச் செருகினேன். முதல் பாட்டு ஆரம்பித்தது. பல்லவி மாதிரி ஒன்று வந்து இரண்டாம் முறை திரும்புவதற்குள் அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. மெல்லிய குறட்டை.

நான் பின்னால் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் வந்தது, அத்தானுடைய குரல் மாதிரியே இல்லை.

"நிப்பாட்டு மாப்ள."

எத்தனை பேரின் உழைப்பை அந்த ஒரு வார்த்தையால் ஊதி அணைத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாவமாக இருந்தது. பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது.

"நிப்பாட்டினா முழிச்சுக்குவா அத்தான்" என்று கிசுகிசுத்தேன். "ஓடட்டும்."

ஓடியது. இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு. பக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். அக்கா அசையவில்லை. மேலே யாரோ கட்டிலை இழுத்தார்கள். அசையவில்லை. தீக்குச்சிக்கு எழுகிறவள்! அத்தான் எட்டி அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். அவள் இப்படித் தூங்கி நாங்கள் இரண்டு பேருமே பார்த்ததில்லை.

ஆறாவது பாட்டில் மீன்தொட்டிக் கடைக்காரர் வந்து சேர்ந்தார். கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினார். அத்தான் கதவைத் திறந்து பாய்ந்து போய் அந்தக் கையைக் காற்றிலேயே பிடித்துவிட்டார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மனிதர் பயந்துபோய், "ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் வந்திருக்கா. தூங்குறா."

"அப்ப வண்டி?"

"பாட்டு முடியட்டும்."

அவரும் நல்ல மனிதர். தூணில் சாய்ந்து நின்று, பாதி இறக்கியிருந்த கண்ணாடி வழியாக வந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு, எட்டு. ஒன்பதாவது ஆரம்பித்தது. அத்தான் காருக்குள் ஏறவில்லை, வெளியே நின்றபடி கண்ணை மூடிக்கொண்டார். கடைசி ஸ்வரம் வந்தது, இழுத்தது, மெலிந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தியும் என் தும்மல் எனக்கே கேட்டது.

"யாருக்குச் சளி?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

நான் பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரிக் கையைத் தூக்கினேன்.

"ஆவி பிடி. முகமூடி போட்டுக்கிட்டு கடையில உக்காருன்னு எத்தனை தடவை சொல்றது."

அதற்கப்புறம் காருக்குள் சத்தமே இல்லை. ஆல்பம் முடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அத்தான் நின்றார், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி. என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை. தூங்கிவிட்டாயே என்று கேட்கவா? பிடித்ததா என்று கேட்கவா? அக்காவின் புருவம் சுருங்கியது. சத்தம் நின்றுபோனது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏன் நின்னுபோச்சு?" என்றாள். சீட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்து, புடவைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டாள். "முதல்லேர்ந்து போடுங்க."

அத்தான் இரண்டு கையாலும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தேன், மீன்தொட்டிக் கடைக்காரரும் பார்த்தார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க நாளைக்கு வாங்க" என்றார்.

கார் என்னுடையது. அதை நான் அப்போது சொல்லவில்லை, முதல் பாட்டைப் போட்டேன்.