பொத்தானுக்கு ஒன்பது நிமிடம்

சிகிச்சைப் பிரிவில் அவளுக்குப் பொத்தான்காரி என்று பெயர். பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர்களுக்குச் சட்டை மாட்டவும் கரண்டி பிடிக்கவும் மறுபடி பழக்குவது அவள் வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. அம்மாவோ அக்கம்பக்கத்தில், "கை பிடிச்சு விடுற வேலை" என்றுதான் சொல்லிவைத்திருந்தாள்.

அன்று, பக்கவாதத்தில் கை விழுந்து வந்த ஒரு முடிதிருத்துபவருக்குச் சிகிச்சையின் பன்னிரண்டாவது நாள். தானே சட்டை மாட்டுகிறார் என்று பதிவானால் சிகிச்சை அதோடு முடியும். உதவி தேவை என்றால் இன்னும் பன்னிரண்டு நாள். விதி அவ்வளவுதான். அவர் விரல்களில் கத்தரிக்கோல் இன்னும் நிற்கவில்லை. அதைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது.

மனிதர் வைராக்கியமாக ஐந்து பொத்தான்களையும் போட்டுவிட்டு மார்பை நிமிர்த்தினார். பொத்தான்காரி படிவத்தை எடுத்தாள், ஆனால் எழுதவில்லை. "விடாதீங்க, விடாதீங்க" என்று உசுப்பேற்றியதே அவள்தான்.

"போட்டாச்சுல்ல? முடிச்சு எழுது. வெளியே பதினேழு பேர் காத்திருக்காங்க" என்றாள் பிரிவுத் தலைவி.

முடிதிருத்துபவரின் மனைவி எகிறினாள். "கடையைத் திறக்க வழியில்லாம உட்கார்ந்திருக்கோம். பொத்தான் போட்டா கிளம்புன்னா என்ன நியாயம்? உங்க வீட்டு ஆளுன்னா இப்படி விரட்டுவீங்களா?"

பொய் எழுதப் பொத்தான்காரிக்குக் கை வரவில்லை. ஆனால் படிவத்தின் ஓரத்தில் யாரும் நிரப்பாத ஒரு கட்டம் இருந்தது: எடுத்துக்கொண்ட நேரம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அதுவும் 'உதவி தேவை'தான்.

"அண்ணே, இன்னொரு தடவை போடுங்க. கடிகாரம் பார்க்கணும்."

அவர் முகம் கறுத்தது. "எதுக்கு? எனக்கு வரலைன்னு எழுதவா?"

"வீராப்பை மூட்டை கட்டி வச்சிட்டுப் போடுங்க!" என்று மனைவி அதட்டினாள்.

அவர் வேகமாகப் போடத்தான் பார்த்தார். மூன்றாவது பொத்தான் நழுவி நழுவி ஓடியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்பது நிமிடம். அவர் கண்ணெதிரிலேயே பொத்தான்காரி அதை எழுதினாள்.

தலைவி கையெழுத்தைக் கிறுக்கித் தாளை விசிறினாள். "ரொம்பச் சட்டம் பேசுறே. நாளையிலேர்ந்து எல்லாருக்கும் நீயே நேரம் பார்த்து எழுது."

வாசலில் முடிதிருத்துபவர் பொத்தான்காரியை மறித்தார். "இத்தனை பேர் முன்னாடி என்னைக் கையாலாகாதவன்னு எழுதிட்டே, இல்ல?"

இந்த மனிதருக்குத் தான் செய்தது உதவியா, அவமானமா என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை முடிதிருத்துபவர் சிகிச்சைக்குச் சரியான நேரத்துக்கு வந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் மேசைமேல் நீட்டினார்.