குடில் குளத்து மீன்கள்

எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் அதில் ஒரு குளம் இருந்தே ஆகவேண்டும். மாதாவும் சூசையப்பரும் இடையர்களும் அதற்குப் பிறகுதான். தேயிலைக்காட்டிலிருந்து பாசி பெயர்த்து வந்து பரப்பி, நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பதித்து, அதில் மீன் விடுவோம். யார் வீட்டுக் குளத்து மீன் அழகு என்பதில் பிள்ளைகளுக்குள் பெரிய போட்டியே நடக்கும். எனக்கு அந்த வருடம் போட்டியைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. குடிலைப் பார்த்து அம்மா அசந்துபோய், திரும்பிப் போகாமல் எங்களோடு இருந்துவிட வேண்டும்.

அம்மா அப்போது வேலந்தாவளத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். எஸ்டேட் பனியில் அவளுக்கு இழுப்பு வருகிறது, அதனால் டாக்டர் மலைக்குக் கீழே இருக்கச் சொல்லிவிட்டார் என்றார் அப்பா. நான் நம்பவில்லை. பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெரியவர்கள் பிரிந்திருந்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு முடிவாகத் தெரியும். எட்டு வயதில் எனக்குத் தெரியாததே கிடையாது.

எனக்கு ஜடை பின்ன அப்பா பழகிக்கொண்டிருந்தார். அது எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். பள்ளிக்கூட வாசலில் யாருடைய அம்மாவாவது வந்து நின்றால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவ்வளவு ஏக்கம்.

விடுமுறை விட்டதும் அப்பா என்னை அம்மாவிடம் கூட்டிப் போனார். அந்த ஊர் மாட்டுச்சந்தை ஓரத்தில் ஒருவர் வண்ணமீன்களைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அம்மா இரண்டு தங்கமீன் வாங்கித் தந்தாள். நான் அடம்பிடித்து, தோகை விரித்த நீல ஃபைட்டர் ஒன்றையும் வாங்கவைத்தேன்.

"அம்மிணி, இதையும் அதையும் ஒரே தொட்டில உட்ராதீங்க," என்று சொல்லிவிட்டு மீன்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. பெயரே ஃபைட்டர், அடித்துக்கொள்ளும் என்றுதானே சொல்கிறார்? அதை நான் பார்த்துக்கொள்வேன்.

தைத்து முடிக்க வேண்டிய ரவிக்கைகள் குவிந்துகிடந்ததால், பண்டிகைக்கு முந்தின நாள் வருவதாக அம்மா சொன்னாள். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, மறையூர் தாண்டி மேலே ஏறும்வரை மடியிலிருந்த பைகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தேன். வீடு சேர்ந்ததும் மூன்றையும் ஒன்றாகக் குளத்தில் விட்டேன். சண்டை வந்தால் விலக்கிவிட ஒரு கரண்டியோடு காவலும் இருந்தேன். சண்டையே வரவில்லை. தங்கமீன்கள் சுற்றிச்சுற்றி வந்தன. நீல மீன் தோகையை மடக்கிக்கொண்டு அடியில் ஓரமாகப் படுத்திருந்தது. எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்கு ஒரே பெருமை. மீனையே திருத்தியாகிவிட்டது, அம்மா அப்பா இரண்டு பேரைத் திருத்த எவ்வளவு நேரமாகிவிடும்!

அம்மா வந்தபோது ஸ்வெட்டருக்கு மேல் சால்வை சுற்றியிருந்தாள். அப்பா வெந்நீர் போட்டு வைத்திருந்தார். நான் அவளைக் குடிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பாத்தியாம்மா, மூணும் சண்டையே போடல. ஒத்துமையா இருக்கு."

அம்மா தண்ணீரில் விரலை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, தண்ணி ஐஸா கெடக்கே! நீங்க போனப்பறம் அந்த மீன்காரர்ட்ட கேட்டேன். அந்த ரெண்டும் குளிரத் தாங்குமாம். இதுக்குச் சூடு வேணுமாம்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

நீல மீனை ஊறுகாய் பாட்டிலில் மாற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது மெல்லத் தோகையை விரித்தது. அம்மாவின் இருமல்தான் பண்டிகை முடிந்தும் நிற்கவில்லை. அப்பா அவள் முதுகைத் தடவிவிட்டபடியே இருந்தார்.

மறுநாள் அந்தப் பாட்டிலைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள். போகாதே என்று நான் அழுதேன். அவளும் அழுதாள். பனி உள்ளே வந்துவிடும் என்று அப்பா அவளை ஜன்னலைத் திறக்கக்கூட விடவில்லை. அதையும் நான் சண்டைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"அம்மாட்ட எதுக்குப்பா சண்டை போட்டீங்க?" என்று வழியில் கேட்டேன்.

"சண்டையா? நாங்களா?" என்றவர் நின்று, என் சாய்ந்த ஜடையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

மழுப்புகிறார் என்று நினைத்தேன். சமாதானம் பேசும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஃபோனில், "அப்பா ஸாரி சொல்லச் சொன்னாங்கம்மா," என்றேன். அப்பா அப்படி எதுவும் சொல்லவில்லை. அம்மா, "பரவால்லன்னு சொல்லுட்டி," என்றாள். உடனே அப்பாவிடம் ஓடி, அம்மாவும் ஸாரி கேட்டதாகச் சொன்னேன். அவர் என் தலையில் கைவைத்து, "அப்பாவுக்குக் கோவமே இல்லன்னு சொல்லும்மா," என்றார்.

ஆக, இருவரும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தபின், சாயங்காலம் விட்டதும் தினமும் பஸ் வரும் வளைவில் போய் நின்றேன். சண்டைதான் தீர்ந்துவிட்டதே, பிறகும் ஏன் அம்மா வரவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.