கிளியம்மாள் குடிக்காத தண்ணீர்

கிளியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். சேரப்பணஞ்சேரியில் அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டால், ஒரகடம் வரும்வரை டிரைவர் பாட்டுப் போட வேண்டியதில்லை. புதிதாக எழும்பும் கம்பெனி ஒன்றின் காம்பவுண்டு சுவர் வேலையில் அவள் சித்தாள். கூலி கலவை சுமப்பதற்கு மட்டும்தான். எல்லாரையும் விரட்டி விரட்டித் தண்ணீர் குடிக்கவைப்பது அவளாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

"இன்னாபா வேலு, மூஞ்சி செவந்துகினு கீது. குடிச்சிட்டு அப்பால கரண்டியப் புடி."

"குடிக்கேன்க்கா, ஆளை விடுங்க" என்பான் கொத்தனார் வேல்ராஜ். தென்காசிப் பக்கத்துக்காரன். முனகினாலும் குடித்துவிடுவான்.

அத்தனை பேரையும் குடிக்கவைத்தவள், தான் மட்டும் காலையில் வீட்டில் நனைத்த தொண்டையோடு சரி. சுற்றிலும் பொட்டல், ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. அங்கே பெண் என்று அவள் ஒருத்திதான். நீர்க்கடுப்பு வந்தபோதும் வெந்தயத்தை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தாள். அவ்வளவு பேசுகிறவளுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை, பாவம்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம், கலவையோடு வந்தவள் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். வேல்ராஜ் திரும்புவதற்குள் சாய்ந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தான். உடம்பு கொதித்தது, பொட்டு வியர்வை இல்லை. நிழலுக்குத் தூக்கிப் போய், சுவர் நனைக்க வைத்திருந்த தண்ணீரை அவள்மேல் ஊற்றிக்கொண்டே ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினான்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரு போயிருக்கும்" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். "ஏம்மா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா எங்க போறது?" என்றாள் கிளியம்மாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கோடை முழுக்க அவள் கையால் வாங்கிக் குடித்த வேல்ராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உடம்பு தேறி அவள் திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் நரசிம்மன் கத்திக்கொண்டிருந்தார். காம்பவுண்டு சுவர் விட்ட இடத்திலேயே நின்றது. மூலையில் மட்டும் ஹாலோ பிளாக்கால் ஒரு கழிப்பறை எழும்பியிருந்தது.

"பிளான்ல இல்லாதத எவன்யா கட்டச் சொன்னது?"

"செவரு எங்கயும் ஓடிராது சார்" என்ற வேல்ராஜ், கழிப்பறைக் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாளை முடுக்கிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தான். "குடிங்கக்கா. நீங்க குடிக்காம நான் கரண்டியத் தொடமாட்டேன்."

கிளியம்மாள் அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொம்பை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துபா."