நீச்சல் குளத்து மோட்டாரும் ஒரு முழங்காலும்

ஒரு சத்தம் நின்றுபோவதும் காதில் விழும் என்பது அந்தக் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அடுப்பில் இட்லியை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். தோட்டத்துப் பக்கமிருந்து எந்நேரமும் கேட்கும் நீச்சல் குளத்து மோட்டாரின் முணுமுணுப்பைக் காணோம். கரண்ட் போயிருக்கும் என்று பார்த்தால் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் வெளியே ஓடினேன்.

எங்களுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். வீடும் அதற்குள்ளேயேதான். தேக்கடிக்குப் போகிறவர்கள் வழியில் தங்கிப் போகட்டும் என்று இரண்டு அறைகள் கட்டியபோது, கூடவே ஒரு சின்ன நீச்சல் குளத்தையும் கட்டினோம். ஆனால் அந்த வருடம் அதில் இறங்கியது பெரும்பாலும் என் வீட்டுக்காரர்தான். கூட்டாளி ஒருவரின் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்க்க மேகமலைக்குப் போன ஜீப் கவிழ்ந்து, அவருடைய வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து எலும்பில் தகடு வைத்தார்கள். புண் ஆறிய பிறகு மதுரை டாக்டர் சொன்னார்: நெஞ்சளவு தண்ணீரில் தினமும் நடக்க வேண்டும், நடந்து நடந்து காலை மடக்கிப் பழக வேண்டும். இடையில் விட்டால் மூட்டு இறுகிவிடும், இறுகிவிட்டால் அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்காமல் இல்லை. “குத்தவச்சு உக்காந்து எந்திரிக்க முடியாதவனுக்கு எதுக்குத் தோட்டம்? குத்தகைக்கு விட்டுட்டு வீட்ல கிடக்க வேண்டியதுதான்” என்று அவர் சொல்ல ஆரம்பித்திருந்தார். மார்க்கையன்கோட்டையில் அவருக்குத் தம்பி முறையான ஒருவர் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டும் இருந்தார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன். விடிவதற்கு முன் கொடியடியில் நிற்கிற மனிதர் என் வீட்டுக்காரர். நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மோட்டார் நின்றதும் எனக்கு அப்படிப் பதறியது.

அந்த மோட்டார் வெளிநாட்டுச் சரக்கு. கறுப்பாக, வழவழவென்று, ஒரு போல்ட் கூட வெளியே தெரியாமல் இருக்கும். விற்க வந்த சென்னைக்காரர், “இதுக்கு மெயின்டனன்ஸே கிடையாது மேடம்” என்று சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. சின்னமனூரிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் கிணற்று மோட்டாரை வருடக்கணக்காகப் பார்க்கிறவர்.

“அக்கா, இதுல கைய வைக்க எடமே இல்ல. உள்ள இருக்குற எலக்ட்ரானிக் கார்டு போயிருக்கு. நம்ம ஊரு வோல்டேஜ் ஏறி எறங்குறதுல அடி வாங்கியிருக்கும். கழட்டணும்னாக்கூட பைப்ப அறுத்துத்தான் கழட்டணும். ஒட்டி வச்சிருக்காக.”

கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். மோட்டாரை அனுப்ப வேண்டுமாம், கார்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம், ஒரு மாதம் ஆகலாம், ஒன்றரையும் ஆகலாம். “அதுவரைக்கும் நாங்க என்ன செய்யட்டும்?” என்று கேட்டேன். “பூலை யூஸ் பண்ணாம இருங்க மேடம்” என்றாள். போனை வைத்துவிட்டு முற்றத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். வீட்டில் இரண்டு பேர். நடக்க வேண்டியவர் உட்கார்ந்திருந்தார், நான் நடந்துகொண்டிருந்தேன்.

ஓடாத தண்ணீர் வெயிலில் சீக்கிரமே பாசி பிடித்தது. நான் வேறு மோட்டார் தேடிக் கிளம்பினேன். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று ஒரு வைராக்கியம். கடைக்குப் போனால் விற்கிற வாய்தான் பேசும். அதனால் எங்கெங்கே நீச்சல் குளம் இருக்கிறது என்று விசாரித்து, அங்கே போய் ஒரே ஒரு காரியம் கேட்டேன்: “உங்க மோட்டார என் கண்ணு முன்னால கழட்டிக் காட்டுங்க.”

கம்பத்துக்கு அப்பால் லாட்ஜ் வைத்திருக்கும் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். “எல்லாரும் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்க வருவாக. கழட்டிப் பாக்க வந்தது நீங்க ஒருத்தருதான், தங்கச்சி” என்று சொல்லியபடியே ஆளைக் கூப்பிட்டார். அவருடையது வடக்கே செய்த மோட்டார். விலை குறைவு, ஓட்டமும் மோசமில்லை. ஆனால் குப்பை சேரும் கூடையின் மேல்மூடி மரை இறுகி, திறக்கவே வரவில்லை. அவருடைய ஆள் மரச் சுத்தியலால் தட்டித்தான் திறந்தார். முன்பு ஒரு தடவை தட்டியதில் மூடியில் கீறல் விட்டு, அதில் எம்சீல் பூசியிருந்தது. தனி மூடி கிடைக்காதா என்று கேட்டேன். “கெடைக்கும். ரெண்டு தடவ வரவழச்சேன். ரெண்டும் சேரல. ஒரே மாடல்னு சொல்றான், வருசத்துக்கு ஒரு அச்சுல ஊத்துறான்” என்றார் ராவுத்தர். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குளம் நீலமாக இருக்கிறது. காலையில் பச்சையாக விட்டுப் போன தண்ணீர், மோரில் நீலம் கலந்த மாதிரி நிற்கிறது. அதற்குள்ளே நெஞ்சளவில் என் வீட்டுக்காரர், பரீட்சையில் பாஸானவர் முகத்தோடு.

“என்ன போட்டீங்க?”

“நம்ம மயில்துத்தந்தான். சுண்ணாம்போட கலக்கி விடச் சொன்னேன். பாசி செத்துருச்சு பாத்தியா.”

திராட்சைக்காரர் எவருக்கும் இந்தப் புத்திதான் வரும். இலையில் எந்த நோய் வந்தாலும் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். ஆளை விட்டு, கொடிக்குக் கலக்குகிற அதே அளவில் கலக்கிக் குளத்தில் கொட்டியிருக்கிறார். நான் கத்திய கத்தலில் அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் அறுப்புக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “கொடிக்கு அடிச்சு அந்தப் பழத்தத்தான தின்னுறோம், மனுசன என்ன செஞ்சுரும்?” என்று கேட்டுக்கொண்டே அவர் தண்ணீரில் நடப்பதை விடவில்லை. அடுத்த நாளும் நான் இல்லாத நேரம் பார்த்து இறங்கினார், அதற்கடுத்த நாளும் இறங்கினார். அவருடைய நரைத்த மீசை மெல்ல மெல்லப் பச்சையானது. தலைமுடியும் அப்படியே. உடம்பெல்லாம் அரித்தது. குளத்தின் அடியில் நீலச் சேறு படிந்தது, ஓட்டமில்லாமல் கிடந்த வடிகட்டியின் மணலும் நாறிப்போனது.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பச்சை மீசையோடு ஒரு மனிதர் ‘இன்னிக்கு நேத்தவிட லேசா இருக்கு’ என்று சொல்லும்போது யாரைத் திட்டுவது? என்னைப் போலவே அவருக்கும் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் அப்படிச் சொன்ன மறுநாளே தேனிக்குப் போனேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக் குளத்தில் கோயமுத்தூர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. பெயின்ட் உரிந்திருந்தது, சத்தம் கூடுதல், கரண்டையும் கொஞ்சம் அதிகம் குடிக்கும் என்று அங்கிருந்த ஆப்பரேட்டர் ஒளிக்காமல் சொன்னார். வெளிநாட்டு மோட்டார் பூனை மாதிரி ஓடும், கரண்டும் மிச்சம். அதையும் இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் கழற்றிக் காட்டச் சொன்னதும் ஆப்பரேட்டர் ஒரு ஸ்பேனரை எடுத்தார், நாலு போல்ட்டைத் திருகினார், மோட்டார் பின்பக்கமாக நகர்ந்து வந்துவிட்டது. பைப் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கிற சீல், கிணற்று மோட்டாருக்குப் போடுகிற அதே அளவு.

“சின்னமனூரு பஜார்ல கெடைக்குமா?”

“பெட்டிக்கடையில கெடைக்காது. மத்தபடி எங்கன கேட்டாலும் குடுப்பாக.”

எனக்கு மதுரை ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அங்கேயும் ஃபாரின் தகடா, நம்ம ஊர்த் தகடா என்று கேட்டார்கள். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் எது சுலபம் என்று நான் கேட்க, டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அதுவரை அப்படி யாரும் கேட்டதில்லையாம். நம்ம ஊர்த் தகட்டின் ஸ்க்ரூவுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் திருப்புளி இருக்கும் என்றார். அதையே வைக்கச் சொன்னேன். ஒரு பொருளை வாங்கும்போது அது எப்படி ஓடும் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். கெட்டுப்போன அன்றைக்கு யார் வருவார்கள் என்பதை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கோயமுத்தூர் மோட்டார் வந்து இறங்கியது. மெக்கானிக் தம்பியிடம் இரண்டே நிபந்தனைகள் சொன்னேன். பைப்பை ஒட்டக் கூடாது, இரண்டு பக்கமும் கையால் திருகிக் கழற்றுகிற யூனியன் வேண்டும். மோட்டார் இருக்கிற குழியை அகலப்படுத்தி, ஆள் உட்கார்ந்து வேலை பார்க்க இடமும் விட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. “குழிக்குள்ள பந்தியா போடப் போற?” என்று கேலி செய்தார். பச்சை மீசைக்காரர் என்னைக் கேலி செய்கிறாரே என்று பதிலுக்கு நானும் சொன்னேன்.

குளத்தைக் கழுவி, மணலை மாற்றி, புதுத் தண்ணீர் விட்டோம். அவர் தினமும் நடந்தார். ஆனால் கால் ஓர் அளவுக்கு மேல் மடங்கவில்லை. நாற்காலியில் உட்காரும் அளவுக்கு வரும், அதோடு நின்றுவிடும். இன்னும் மடக்கலாம், பயம்தான் தடுக்கிறது என்றார் டாக்டர். கையைப் பிடித்துக் கீழே உட்காரச் சொன்னால் இவருக்கு முகம் வெளிறிவிடும். பிடித்தவர் கையை உதறிவிட்டுப் போய்விடுவார். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டு பேசாமலும் இருந்து பார்த்தேன். நாளடைவில் நாங்கள் இருவருமே அதைப் பேசுவதை விட்டுவிட்டோம். ஒருநாள் மார்க்கையன்கோட்டைத் தம்பியிடம் போனில், வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் வந்து தோட்டத்தைப் பார் என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. நான் கேட்காத மாதிரிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எதைக் கழுவினேன் என்று தெரியாது.

திருவிழா நடந்துகொண்டிருந்தபோது மோட்டாருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன். சீல் போய்விட்டது. மெக்கானிக் தம்பி போனை எடுக்கவில்லை. வீரபாண்டியில் தீச்சட்டி எடுக்கிறவர் எப்படி எடுப்பார்? நேரே சின்னமனூருக்குப் போய் ஒரு சீல் வாங்கி வந்து, ஸ்பேனரோடு நானே குழிக்குள் இறங்கினேன். நாலு போல்ட்டும் வந்தன. மோட்டார் பின்னால் நகர்ந்தது. பழைய சீலைப் பிடுங்கிவிட்டுப் புதியதைக் கையில் எடுத்தபோதுதான் எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று சந்தேகம் வந்தது.

மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சும்மா இருக்கவில்லை. “ஏத்தா, வழவழப்பா இருக்குற பக்கம் கை படக் கூடாது.”

“படல.”

“பட்டுருச்சு. தொடச்சிட்டுப் போடு. அய்ய, திருப்பிப் போடுற பாரு.”

“நீங்க பேசாம இருங்க, எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்? இரு, நான் வாரேன்.”

வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்தபடி குழியின் படியில் அவர் இறங்கினார். வந்தவர் என் கையிலிருந்த சீலைப் பிடுங்கி, வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, மோட்டாருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். கிணற்றடியில் எத்தனையோ வருடம் உட்கார்ந்த அதே உட்காரல். வலது முழங்கால் முழுசாக மடங்கி, நெஞ்சை ஒட்டி நின்றது.

நான் மூச்சு விடவில்லை. சொன்னால் பயந்துவிடுவார், பயந்தால் கால் நின்றுவிடும். பழைய சீல் இருந்த இடத்தில் அவர் புதியதை வைத்து, கட்டைவிரலால் ஒரே சீராக அமுக்கினார். “அந்த ஸ்பேனர எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கினார். “சுச்சப் போடு” என்றார். போட்டேன். மோட்டார் ஓடியது. அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

எழலாம் என்று தரையில் கை ஊன்றியவர் அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஊன்றிய கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவும் முடியவில்லை.

“எப்பருந்து பாத்துக்கிட்டு இருக்க?” என்று கேட்டார்.

“நீங்க உக்காந்ததுலருந்து.”

அவர் எழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எழுந்து எங்கேயும் ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குழியில் இரண்டு பேருக்கும் தாராளமாக இடம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மார்க்கையன்கோட்டைக்குப் பேசினார். மோட்டார் சத்தத்தில் அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் குரல் மட்டும்தான் கேட்டது.

“ஏலே, நீ தோட்டத்தப் பாக்க வர வேணாம். ஆமா. இல்லப்பா, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் இங்கன குத்தவச்சு உக்காந்துதான் பேசிக்கிட்டு இருக்கேன்.”