ஓ, எம், ஏ என்று முடிகிற சொற்கள்

எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் நேராக வீட்டுக்குப் போவதில்லை, என் வாசலுக்குத்தான் வருவார்கள். டாக்டர் சிங்களத்தில் பேசுவது அவர்களுக்கு நன்றாகவே விளங்கும். யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் இருந்துகொண்டு சிங்களம் தெரியாமல் காலம் தள்ள முடியாது. ஆனால் டாக்டரைப் பார்க்கிற நாளுக்கு முன்பே கவுண்டரில் கையில் கொடுத்துவிடுகிற ரிப்போர்ட்டில் இருப்பது ஆங்கிலம். அதை வாசித்துச் சொல்வது, தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற என் வேலை என்று ஆகிவிட்டது. பூனை, பந்து, குடை என்று பாடம் நடத்துகிறவளுக்கு வியாதிப் பெயரெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் தெரியாது என்று சொன்னதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

சமாளிப்பதற்காக ஒரு சி.ஆர். புத்தகம் வாங்கி, தடித்த அந்தக் கொப்பியில் சொற்களை எழுதிவைத்தேன். நீளமான ஆங்கிலச் சொல்லைத் தலையிலிருந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும், வாலைப் பிடித்தால் வழிக்கு வந்துவிடும். ஐ, டி, ஐ, எஸ் என்று முடிந்தால் அழற்சி. கேஸ்ட்ரைட்டிஸ் வயிற்றில், ஆர்த்ரைட்டிஸ் மூட்டில், டொன்சிலைட்டிஸ் தொண்டையில். எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. அப்பெண்டெக்டமி என்றால் குடல்வால் போயிற்று, ஹிஸ்டரெக்டமி என்றால் கருப்பை. ஓ, எம், ஏ என்று முடிந்தால் பெரும்பாலும் கட்டி. அந்தப் பக்கத்தை மட்டும் எனக்குப் பிடிக்காது. லைபோமா வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்யாது. கார்சினோமா புற்றுநோய். இரண்டுக்கும் ஒரே வால்.

வாசிக்கும்போது தனிமை கிடையாது. பஸ்ஸில் கூட வந்தவர்கள், பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். அத்தனை முகங்களுக்கு நடுவே புற்றுநோய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. "கட்டிதாங்க, மருந்து இருக்கு" என்பேன். தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பேன்.

கார்சினோமாவைப் புத்தகத்தில் நான் முதலில் எழுதியது, பக்கத்து லய வீட்டு வரிசையில் இருந்த ஒரு மனிதருடைய ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். ஈரலில் வந்திருந்தது. வழக்கம்போல, கட்டி என்றேன். கட்டிதானே என்று அவர் நாட்டு மருந்து குடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமலே இருந்துவிட்டார். நானும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். பிறகு போனபோது ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள், கொஞ்ச நாளில் இறந்துபோனார். இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு என்ன தெரியும்?

போன மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய மனைவி தன் ரிப்போர்ட்டோடு வந்தார். ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். ரிப்போர்ட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டார்கள், டாக்டர் அடுத்த செவ்வாய்க்கிழமை பார்ப்பார். கடைசி வரியில் அதே சொல் இருந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர்.

"கட்டிதாங்க அக்கா" என்றேன்.

மறுநாளே செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை கோயில் திருவிழாவில் அக்கா பால்குடம் எடுக்கப்போகிறாராம். கட்டிதானே, கிளினிக்குக்கு அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம் என்றாராம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் இரண்டு முறை லயத்தில் அவர் இருக்கிற காம்பரா வாசல்வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது. ஆள் இருந்தது என்பதும் ஒரு சாக்குத்தான், எனக்குத் துணிச்சல் இல்லை. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சொல், இரண்டு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து.

திங்கட்கிழமை விடிந்ததும் ரப்பர் மலைக்கு ஏறினேன். அந்த நேரத்தில்தான் அக்கா தனியாக இருப்பார். அட்டை காலில் ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். அதற்குமேல் நேரம் கடத்தினால் திரும்பிவிடுவேன் என்று பயந்து, நின்ற இடத்திலேயே சொன்னேன். அது கட்டி மட்டும் இல்லை, புற்றுநோய், நாளைக்குக் கட்டாயம் போக வேண்டும், ஆட்கள் நின்றதால் மறைத்துவிட்டேன் என்றேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. அந்த வெட்டை முடித்தார், சிரட்டையைச் சரியாக வைத்தார், பால் இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுக்காரரு ரிப்போட்டுலயும் இந்த வார்த்தைதான் இருந்துச்சா டீச்சர்?"

பொய் சொல்ல ஒரு நொடி நினைத்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சாகுற வரைக்கும், டீச்சரு கட்டின்னுதானே சொன்னாங்கன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாரு" என்றார். சத்தம் போடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கூப்பிடாமலே நானும் பஸ் ஏறினேன். கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டது. அக்கா என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார இடமும் விட்டார். ரிப்போர்ட்டை மட்டும் தன் மடியிலேயே வைத்திருந்தார். நான் கை நீட்டியபோது தரவில்லை.

கிளினிக்கில் டாக்டர் தாளைப் பார்த்து முடிப்பதற்குள் அக்காவே சிங்களத்தில் கேட்டார்.

"மேக்க பிலிகாவக்த மாத்தயா?"

இது புற்றுநோயா என்று கேட்டார், அவ்வளவுதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆமாம் என்றார். என்ன செய்வார்கள், எத்தனை முறை வர வேண்டும், எங்கே அனுப்புவார்கள் என்று நிதானமாகச் சொன்னார். அக்காவுக்கு எல்லாமே விளங்கியது. நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

அவருடைய புருஷனுக்கும் சிங்களம் நன்றாகவே தெரியும். நான் வாசிக்காமல் இருந்திருந்தால் அவரும் போய்க் கேட்டிருப்பார்.