செக்போஸ்ட் சார்

வயிற்றை எக்கிக்கொண்டுதான் விளையாட்டு வாத்தியார் பள்ளி வாசலில் நிற்பார். கழுத்தில் விசில், கையில் பிளாஸ்டிக் கூடை. வரிசையில் வரும் பிள்ளைகளின் பையைத் திறந்து சிப்ஸ், சாக்லெட், கிரீம் பிஸ்கட் என்று எது அகப்பட்டாலும் கூடைக்குள் போடுவார். "எதுக்குடா முழிக்கிற? டிபன் பாக்ஸைத் திற பாப்போம்!" பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் செக்போஸ்ட் சார்.

பிள்ளைகள் குண்டாகிறார்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்ததிலிருந்து இந்தக் கூத்து. பள்ளிக்குள் நொறுக்குத்தீனி கூடாது, தினமும் ஒரு பாடவேளை விளையாட்டு. நல்ல உத்தரவுதான். ஆனால் மைதானத்தில் பாதியைப் புதுக் கட்டடத்துக்கான மணலும் ஜல்லியும் பிடித்துக்கொண்டன. விளையாட்டு வேளையைக் கணக்கு டீச்சர், "போர்ஷன் முடியல சார், இன்னைக்கு மட்டும் குடுத்துடுங்க" என்று தினமும் வாங்கிப்போய்விடுவார். மிஞ்சியது கூடைதான். அந்த வேலையை மட்டும் இவர் வஞ்சனையில்லாமல் செய்தார்.

பிடுங்கியதை என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை. விளையாட்டுச் சாமான் அறையில் குவிந்து கிடந்ததைப் பார்த்து, "வீணாப் போகுதே" என்று ஒருநாள் ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். அப்புறம் பள்ளி விட்டதும் டீயோடு அதுவே வழக்கமாகிவிட்டது. ஓட்டப்பந்தயத்தில் எப்போதோ வாங்கிய கோப்பை அதே அறை அலமாரியில் இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி, நல்ல பருமன். அவள் பையை மட்டும் அவர் தொட்டதில்லை. அவளே எடுத்து நீட்டிவிடுவாள். "அம்மா ஆசையா வச்சுடுறாங்க சார். என்கிட்ட இருந்தா தின்னுடுவேன், நீங்களே வச்சுக்குங்க." சாயங்காலம் மணல் குவியலைச் சுற்றி மூச்சிரைக்க ஓடுவாள். "நிக்காம ஒரு சுத்து ஓடிட்டேன்னா, முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்" என்றிருந்தாள்.

நேற்று சொல்ல வந்தாள். வியர்வையும் சிரிப்புமாகச் சாமான் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, "சார், நிக்கவே இல்ல சார்!" என்றாள். அவர் வாய் நிறைய இருந்தது. மடியில், காலையில் அவள் கொடுத்த பாக்கெட். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் பாக்கெட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பரவால்ல சார், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கூனிக்குறுகிப் போனார். வீட்டில் சோறு இறங்கவில்லை. "உடம்புக்கு என்ன?" என்று மனைவி கேட்டதற்கு, "உடம்புக்கு ஒண்ணுமில்ல. வெக்கமா இருக்கு" என்றார்.

இன்று காலை அவள் வரிசையில் வருவதைக் கண்டதும் அவருக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. அவள் முகத்தில் கோபமே இல்லை. பையிலிருந்து இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினாள்.

"உங்களுக்கும் பிடிக்கும்னு அம்மாகிட்ட சொன்னேன் சார். இன்னைக்கு ரெண்டா வச்சுட்டாங்க."

கூடை நீளவில்லை. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எக்கிப் பிடித்திருந்த வயிற்றை அவர் மெல்லத் தளரவிட்டார்.